மானியம் வீடுபோய்ச் சேராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

உங்கள் நகராட்சிக்கு மானியம் வந்திருக்கிறது. வாழ்த்துகள். கூடவே ஓர் ஆபத்தும் வந்திருக்கிறது. இந்தப் பணத்தில் கொஞ்சத்தை எடுத்து, பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடக்கிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு அறை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தால் என்ன என்று யாராவது ஒரு புதுக் கவுன்சிலரோ, ஓய்வுபெற்ற வாத்தியாரோ கேட்டுவிடலாம். கேள்வி சின்னது. பதிலும் சின்னதாக இருந்துவிட்டால் காரியம் கெட்டது. ஆகவே பதிலை நீட்டக் கற்றுக்கொள்ளுங்கள்.

பயப்பட ஒன்றுமில்லை. இந்தக் கையேட்டில் இருப்பதில் முக்கால்வாசியை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். வரிசைப்படுத்தித் தருவது மட்டும்தான் என் வேலை. உதாரணத்துக்கு அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். வானம் பார்த்த பூமியில் பலிக்கிற முறை வாய்க்கால் பாசன ஊரிலும் பலிக்கும்.

படி 1: வீடு வீடாகப் போய்க் கணக்கெடுங்கள்

வீடில்லாதவர்கள் எத்தனை பேர் என்று தெரியாமல் பணம் ஒதுக்க முடியாது. கணக்கெடுப்பு நடத்துங்கள். வீடு வீடாக நடத்துங்கள். கதவைத் தட்டி, "இந்த வீட்டில் வீடில்லாதவர் யாராவது இருக்கிறார்களா?" என்று கேளுங்கள். இல்லை என்பார்கள். எழுதிக்கொள்ளுங்கள்.

தெருவில்தான் எண்ண வேண்டும் என்று மேலிடம் வற்புறுத்தினால் காலை பதினொரு மணிக்குப் போங்கள். ராத்திரி பஸ் ஸ்டாண்டில் படுத்தவர் அந்நேரத்தில் மார்க்கெட்டில் மூட்டை இறக்கிக்கொண்டிருப்பார், அல்லது ஏதாவது ஒரு பரோட்டாக் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். வேலை பார்க்கிற மனுசனை வீடில்லாதவர் என்று எழுத உங்களுக்கே கை வராது.

சென்சஸ்காரர்களைப் பார்த்துச் செய்யாதீர்கள். அவர்கள் 2011 பிப்ரவரி 28-ஆம் தேதி ராத்திரியில் நடைபாதை, ரயில்வே ஸ்டேஷன், கோயில் மண்டபம் என்று தேடிப்போய் எண்ணினார்கள். நாடு முழுக்க 17 லட்சத்துக்கு மேல் வந்தது, தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 51 ஆயிரம். ராத்திரியில் போனால் இப்படித்தான் ஆகும். ஆனாலும் அந்தக் கணக்கால் ஒரு வசதி உண்டு. 2021-இல் எடுக்க வேண்டிய சென்சஸ் தள்ளிப்போனதால், 2011-இல் தூங்கியவர்களே இன்னும் எழுந்திருக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். புதிதாக ஒருவரும் வந்து படுக்கவில்லை. தறி நின்றுபோய் லைன் வீட்டு வாடகை கட்ட முடியாமல் வெளியே வந்தவர் யாரும் இல்லை. மகன் திருப்பூர் போய்விட்டதால் தனியாகிப்போன கிழவி யாரும் இல்லை.

கோயில் வாசலில் கிடக்கிற பெரியவர்களைச் சாமியார் என்று பதிந்துவிடுங்கள். திருச்சுழியில் இது நன்றாக எடுபடும். ரமண மகரிஷி 1879-இல் பிறந்த ஊர் அது. அவர் 1896-இல் குடும்பத்தை விட்டுத் திருவண்ணாமலை போய், ஆயிரங்கால் மண்டபத்திலும் பாதாள லிங்கக் குழியிலும் கிடந்தவர். "இந்த மண்ணுக்கு அப்படி ஒரு ராசி" என்று சொல்லிவிடுங்கள். அவர் வீட்டை விட்டுவந்தார், இவர்களை வீட்டிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இந்த வித்தியாசத்தை எழுதப் படிவத்தில் கட்டம் கிடையாது.

படி 2: எல்லையைக் காட்டுங்கள்

2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் வீடற்றோருக்கான தங்குமிடத்துக்கென்றே ஒரு பிரிவு இருந்தது. பணம் இருந்தது, விதி இருந்தது, படம்கூட இருந்தது. ஆனால் முதலில் அந்த இயக்கம் போய்ச் சேர்ந்தது லட்சம் பேருக்கு மேல் இருக்கிற நகரங்களுக்கும் மாவட்டத் தலைநகரங்களுக்கும்தான். 2011 கணக்குப்படி அருப்புக்கோட்டை நகராட்சியின் மக்கள்தொகை 87,722. லட்சத்துக்கு 12,278 பேர் குறைவு. விருதுநகரில் 72 ஆயிரம் சொச்சம் பேர்தான், ஆனால் கலெக்டர் ஆபீஸ் அங்கே இருக்கிறது. ஆகவே அது உள்ளே, இது வெளியே.

இதிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டில் பனியில் கிடக்கிற பெரியவரிடம் போய், "அய்யா, உங்க ஊர்ல இன்னும் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் பேர் பிறக்கணும், அதுவரைக்கும் பொறுத்துக்குங்க" என்று பக்குவமாகச் சொல்லலாம்.

2016-இல் இந்த இயக்கத்தை எல்லா நகரங்களுக்கும் விரித்துவிட்டார்கள். அதை நீங்களாக யாரிடமும் சொல்ல வேண்டாம். 2024 செப்டம்பரோடு அந்த இயக்கமே முடிந்துவிட்டது. அதை மட்டும் எல்லோரிடமும் சொல்லுங்கள்.

திருச்சுழிக்காரருக்கு வேலை இன்னும் சுலபம். தாலுகா தலைநகரம்தான், ஆனால் ஊராட்சி. நகர்ப்புற வீடற்றோர் திட்டம் இருந்தபோதும் கிராமத்தில் படுக்கிறவருக்கு அது இல்லை. திருச்சுழி மண்டபத்தில் தூங்குகிறவர் பஸ் ஏறி அருப்புக்கோட்டை வந்து படுத்தால்தான் சட்டப்படி நகர்ப்புற வீடற்றவர் ஆக முடியும். அங்கே வந்தால் வெளியூர்க்காரர் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாம்.

நரிக்குடி, திருச்சுழி, காரியாபட்டிப் பக்கத்துக் கரிமூட்டக்காரர்களைப் பற்றிக் கேட்டால் அசராதீர்கள். சீமைக்கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, வைக்கோல் போட்டு மண்ணால் மூடித் தீ வைத்தால், நாள் கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். நடுராத்திரியில் மண் சரிந்து ஓட்டை விழுந்தால் உள்ளே தீப்பிடித்து அத்தனையும் சாம்பல். அதனால் குடும்பத்தோடு மூட்டத்துக்குப் பக்கத்திலேயே தார்ப்பாய் கட்டிப் படுத்துக்கொள்கிறார்கள். காடு இன்னொருத்தருடையது, மரம் குத்தகைக்காரருடையது. புகை மட்டும் அவர்களுடையது. தலைக்கு மேல் தார்ப்பாய் இருப்பதால் வீடற்றவர் என்று எழுத முடியாது. மூட்டம் பிரித்ததும் அடுத்த காட்டுக்குப் போய்விடுவதால் குடியிருப்பவர் என்றும் எழுத முடியாது. இப்படி இரண்டு பட்டியலிலும் விழாத ஆள்தான் உங்களுக்கு மிகவும் சௌகரியமானவர். மதிப்பாக நடத்துங்கள்.

படி 3: பட்டா கேளுங்கள்

மற்ற எல்லாப் படிகளையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். நம் நாட்டில் வீடில்லாதவருக்கு வீடு கொடுக்கத் திட்டம் உண்டு. ஒரே நிபந்தனைதான்: வீடு கட்ட அவருக்கு இடம் இருக்க வேண்டும்.

2015-இல் வந்த பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில், சொந்த மனையில் தானே கட்டிக்கொள்கிற நகரத்து ஏழைக்கு மத்திய அரசின் பங்கு 1.50 லட்சம் ரூபாய். மனை இருக்க வேண்டும். 2024 பிப்ரவரி பட்ஜெட்டில் திருச்சுழித் தொகுதிக்காரரான நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம், வீடு ஒன்றுக்கு 3.50 லட்சம், 360 சதுர அடி, 2030-க்குள் எட்டு லட்சம் வீடு. இடம் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் 2010-இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011-இல் சூரிய மின்சக்தி பசுமை வீடு. ஆட்சி மாறும், பெயர் மாறும், கூரை மாறும். கீழே இருக்கிற நிலம் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்ற வரி மட்டும் மாறவே மாறாது.

கனவு இல்லத்தின் குறிக்கோள் குடிசையில்லாத் தமிழ்நாடு. பஸ் ஸ்டாண்ட் திண்ணையில் படுத்திருக்கிறவர் அந்தக் குறிக்கோளை எப்போதோ எட்டிவிட்டார். அவரைப் பாராட்டி அனுப்புங்கள்.

கவுன்டரில் எப்படிப் பேசுவது என்று ஒரு மாதிரி தருகிறேன். மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

"வீட்டுக்கு மனு குடுக்க வந்தேன்யா."

"பட்டா இருக்காம்மா?"

"பட்டா இருந்தா நான் ஏய்யா இங்க வாரேன்?"

"பட்டா இல்லாம வீடு கிடையாதும்மா."

"அப்ப பட்டாவுக்கு மனு எழுதிக்கிருங்க."

"எந்த இடத்துல குடியிருக்கீக? எத்தனை வருசமா?"

"குடியிருக்க இடமில்லன்னுதானய்யா கேக்க வந்தேன்."

"குடியிருந்தாத்தாம்மா குடியிருக்கிற இடத்துக்குப் பட்டா போட முடியும். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் போயி மனுநீதியில குடுங்க."

திங்கட்கிழமை அங்கே கொடுக்கிற மனு தாலுகா ஆபீசுக்கு வரும். அங்கிருந்து ஆர்.ஐ.க்குப் போகும். அவர் வி.ஏ.ஓ.வுக்கு அனுப்புவார். வி.ஏ.ஓ. "மனுதாரர் மேற்படி முகவரியில் இல்லை" என்று எழுதி மேலே அனுப்புவார். அதில் பொய் ஒன்றுமில்லை பாருங்கள். மனுதாரருக்கு முகவரி இல்லை என்பதுதானே மனுவே.

ஒரு எச்சரிக்கை. ஊரகப் பிரதமர் வீட்டுத் திட்டத்தின் விதிகளில் ஒரு முள் இருக்கிறது. தங்க இடமே இல்லாத குடும்பங்களைக் கேள்வி கேட்காமல் தானாகவே பட்டியலில் சேர்க்க வேண்டும், நிலமில்லாதவருக்கு மாநில அரசு நிலம் கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். யாராவது படித்துக் காட்டினால், "இடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லுங்கள். பார்ப்பதற்குக் காலக்கெடு கிடையாது. இன்னொருத்தர் எழுந்து, பட்டா கொடுக்கிற வருவாய்த் துறை 2021-இல் அருப்புக்கோட்டைத் தொகுதிக்கும், கஜானா 2023-இல் திருச்சுழித் தொகுதிக்கும் வந்தன, ஒட்டியிருக்கிற இரண்டு தொகுதி, இதைவிடத் தோதான காலம் எப்போது வரும் என்று கேட்கலாம். "கொள்கை முடிவு" என்று சொல்லி உட்காருங்கள்.

படி 4: ரேஷன் கார்டு கேளுங்கள்

சின்னப் படி, ஆனால் உறுதியானது. கார்டுக்கு முகவரி வேண்டும். முகவரிக்கு வீடு வேண்டும். வீட்டுக்குக் கார்டு வேண்டும். ஆளை இந்த வட்டத்துக்குள் இறக்கிவிட்டு நீங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகலாம்.

இதே கார்டை வைத்துத்தான் 2023 செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை நேராக பேங்க் கணக்கில் ஏறுகிறது. யாரும் ரசீது கேட்கவில்லை, எதற்குச் செலவழித்தாய் என்று விசாரிக்கவில்லை, வானமும் இடிந்து விழவில்லை. நேரடியாகப் பணம் கொடுப்பது இந்த மாநிலத்துக்குப் புதுசு இல்லை என்பது வெளியே தெரிந்தால் உங்கள் பாடு திண்டாட்டம். இதைப் பற்றிப் பேச்சு எடுக்காதீர்கள்.

படி 5: தலைப்பு இல்லை என்று சொல்லுங்கள்

"பணம் இருக்கிறது, ஆனால் இதற்குத் தலைப்பு இல்லை." இந்த ஒரு வாக்கியத்தால் எத்தனையோ மன்றக் கூட்டங்கள் காப்பாற்றப்பட்டிருக்கின்றன.

உண்மையில் தலைப்பு இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானம் தேவை. 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் நூற்றுக்கு அறுபது குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டிப்போட்டது. பாக்கி நாற்பது கட்டுப்பாடற்ற நிதி. சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் தொடக்கூடாது, மற்றபடி அரசியல் சாசனத்தின் 12-ஆவது அட்டவணையில் இருக்கிற 18 இனங்களில் ஊருக்கு எது தேவையோ அதற்கு எடுக்கலாம் என்றது. 1992-இல் 74-ஆவது திருத்தத்தோடு வந்த அட்டவணை அது. அதில் 9-ஆவது இனம் நலிந்த பிரிவினரின் நலன். 10-ஆவது குடிசைப் பகுதி மேம்பாடு. 11-ஆவது நகர்ப்புற வறுமை ஒழிப்பு. அடுத்தடுத்து மூன்று. தப்பிக்க வழியே இல்லாத மாதிரி தோன்றும்.

தோன்றத்தான் செய்யும். விரலை அப்படியே கீழே நகர்த்துங்கள். 12: பூங்கா. 13: கலை, அழகியல் வளர்ச்சி. 14: சுடுகாடு. 15: மாட்டுப் பட்டி. 17: தெருவிளக்கு, வாகனம் நிறுத்துமிடம், பஸ் நிறுத்தம். உயிரோடு இருக்கிறவருக்கு 11-ஐத் தொட்டால் சிக்கல். அவரே செத்துப்போனால் 14-இல் தாராளமாகச் செலவழிக்கலாம், தகனமேடைக்கு டைல்ஸ் ஒட்டலாம், யாரும் பட்டா கேட்கப்போவதில்லை. தெருவில் திரிகிற மாட்டை ராத்திரி அடைத்துவைக்க அரசியல் சாசனத்தில் தனி இனமே உண்டு என்பதையும் கவனியுங்கள். வீடற்றோர் சார்பாகப் பேச வருகிறவரிடம் இதை மட்டும் காட்டிவிடாதீர்கள்.

படி 6: அவரைச் சுற்றிச் செலவழியுங்கள்

ஆளுக்குப் பணம் கொடுக்கக் கூடாது. ஆளைச் சுற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

அவர் படுக்கிற இடத்துக்குப் பேவர் பிளாக் போடுங்கள். தலைக்கு மேல் ஹைமாஸ் விளக்கு வையுங்கள், ராத்திரி ஒரு மணிக்கும் பகல் மாதிரி இருக்கட்டும். எதிர்ச் சுவரில் மயில் வரையுங்கள். ஊர்ப் பெயரை ஆள் உயர எழுத்தில் செய்து, இதயம் ஒன்றை நடுவில் வைத்து, செல்ஃபி எடுக்க மேடை கட்டுங்கள். 13-ஆவது இனம், அழகியல்.

பெஞ்சு விஷயத்தில் மட்டும் நேரில் போய் நில்லுங்கள், கான்ட்ராக்டரை நம்பாதீர்கள். எவர்சில்வர் பெஞ்சில் ஒவ்வொரு இருக்கைக்கும் நடுவில் கைப்பிடி வைக்கச் சொல்லி எஸ்டிமேட்டில் எழுதியிருப்பீர்கள். உட்காருகிறவர் வசதிக்கு என்று காரணமும் எழுதியிருப்பீர்கள். ராத்திரி போய்ப் பாருங்கள். ஒல்லியான கிழவி ஒருத்தி பக்கவாட்டில் ஒருக்களித்து, முதல் கைப்பிடிக்கு அடியில் காலைப் பாதம்வரை நுழைத்து, இரண்டாவதற்குக் கீழே இடுப்பைக் கொடுத்து, தலைக்கு மஞ்சப்பையைச் சுருட்டி வைத்துத் தூங்கியிருப்பாள். எழுந்திருக்க வேண்டுமானால் முதலில் பையை எடுக்க வேண்டும், பிறகு பின்பக்கமாக ஊர்ந்து வர வேண்டும், அந்த வரிசையைக்கூடப் பழகி வைத்திருப்பாள். இந்த அளவுக்குத் திறமை இருக்கிறவரை விட்டுவைக்கலாமா? அடுத்த எஸ்டிமேட்டில் கைப்பிடியை நான்கு விரற்கடை இறக்குங்கள்.

கால்குலேட்டரை மட்டும் கையில் எடுக்காதீர்கள். பத்துக்குப் பத்து அறை மாதம் இரண்டாயிரம் வாடகைக்குக் கிடைக்கிறது என்று வையுங்கள். வருசத்துக்கு 24 ஆயிரம். ரோட்டு நடுவில் அரளிச் செடி வைக்கிற பத்து லட்சத்தை அதால் வகுத்தால் 41 வருசத்துக்கும் மேல் வருகிறது. ஒருத்தருக்கு 41 வருசம், அல்லது 41 பேருக்கு ஒரு வருசம். இப்படியெல்லாம் வகுத்துப் பார்க்கிற பழக்கம் உள்ளவரை நிதிக் குழுவில் உறுப்பினராகச் சேர்க்காதீர்கள். அரளிச் செடி காய்ந்துபோனால் மறுபடி வைக்கலாம், அதற்கு மறுபடி டெண்டர் விடலாம். குடியேறிய மனுசனை வைத்து என்ன டெண்டர் விட முடியும்?

படி 7: கட்டாயம் வந்தால் கட்டடம் கட்டுங்கள்

கோர்ட் உத்தரவு என்று ஒன்று வரலாம். 2009 டிசம்பர் குளிரில் டெல்லி மாநகராட்சி ஒரு தற்காலிகத் தங்குமிடத்தை இடித்தது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் தலையிட்டது. பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒன்று வீதம், வருசம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்கிற தங்குமிடம் வேண்டும் என்று சொன்னது. ஆகவே கட்டுங்கள், தாராளமாகக் கட்டுங்கள். கட்டடம் என்பது மனுசருக்குப் போகிற பணம் இல்லை. சிமென்டுக்கும் கம்பிக்கும் போகிற பணம்.

இடத்தேர்வு முக்கியம். முடிந்துபோன வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டி நெறிமுறை, பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன், மார்க்கெட் என்று வீடில்லாதவர்கள் புழங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் கட்டச் சொன்னது. நீங்கள் உரக்கிடங்குக்குப் பக்கத்தில் கட்டுங்கள். நகராட்சியின் சொந்த இடம், வில்லங்கம் இல்லை, அக்கம்பக்கத்தார் மறியலும் இல்லை. அதிகாலை லோடு இறக்கப் போகிறவர் அங்கிருந்து மார்க்கெட்டுக்கு நடந்து வந்தால் உடம்புக்கு நல்லது.

ஆளுக்கு 50 சதுர அடி என்பது அதன் விதி. கட்டிலை எண்ணி வாங்குங்கள், அதன்மேல் சுற்றியிருக்கிற பாலிதீனைப் பிரிக்காதீர்கள். ஆய்வுக்கு வருகிறவர் புதுசு என்று பார்த்ததும் தெரிந்துகொள்ள வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்துங்கள். பரோட்டாக் கடை பதினொன்றுக்குத்தான் மூடும் என்பது கடைக்காரர் பிரச்சினை. புருசன் ஒரு கட்டடத்துக்கு, பெண்டாட்டி இன்னொரு கட்டடத்துக்கு, பத்து வயசைத் தாண்டிய பையன் எங்கே என்பது பிறகு பார்க்க வேண்டியது. ஆதார் கேளுங்கள். இத்தனையும் செய்த பிறகு பதிவேட்டைத் திறந்து, "பயனாளிகள் ஆர்வம் காட்டவில்லை" என்று எழுதுங்கள். அதைக் கத்தரித்து ஃபைலில் வையுங்கள், படி 5-இல் சொன்ன மன்றக் கூட்டத்துக்கு உதவும்.

திறப்பு விழாவுக்கு ஃபிளெக்ஸ் பெரிதாக அடியுங்கள். இதில் ஒரு சின்ன இழப்பு உண்டு, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். விழா முடிந்த ராத்திரியே அந்த ஃபிளெக்ஸ் காணாமல் போகும். நான்கு மூலையிலும் இருக்கிற பித்தளை வளையத்தில் கயிறு கோத்து ஆற்றோரம் ஒரு குடும்பம் கூரையாகக் கட்டியிருக்கும். படம் உள்பக்கம், வெள்ளை வெளிப்பக்கம். அச்சடித்த பக்கம் வெயிலில் சீக்கிரம் பொரிந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். உங்கள் மானியத்தில் நேராகக் கூரையாகப் போய்ச் சேர்ந்த ஒரே செலவு இதுதான் என்பதால், அடுத்த முறை சின்னதாக அடியுங்கள்.

படி 8: "குடிச்சிருவாங்க"

கையில் பணம் கொடுத்தால் குடித்துவிடுவார்கள் என்பதை மன்றத்தில் யாராவது ஒருத்தர் சொல்லியே ஆக வேண்டும். முன்கூட்டியே ஆளை நியமித்துவிடுங்கள். 2003 முதல் இந்த மாநிலத்தில் மதுவைச் சில்லறையில் விற்பது அரசாங்கக் கம்பெனிதான் என்பதால், குடித்தாலும் அந்தப் பணம் கஜானாவுக்கே திரும்பும் என்று வேடிக்கை பேசுகிறவரை வெளியே அனுப்புங்கள்.

கனடாவில் வான்கூவர் நகரத்தில் ஐம்பது பேருக்குத் தலைக்கு 7,500 கனடிய டாலரை நிபந்தனை ஏதும் இல்லாமல் ஒரே தவணையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். வாடகை, சாப்பாடு என்று செலவழித்தார்கள், தெருவில் கழித்த நாள் குறைந்தது, குடிக்குச் செலவழித்தது கூடவில்லை. இதை யாராவது எடுத்துச் சொன்னால் கலங்க வேண்டாம். கடும் போதைப் பழக்கம் இல்லாதவர்களாகப் பார்த்துத்தான் அந்த ஆய்வில் சேர்த்தார்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் படுக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அப்படிப் பழக்கம் இருக்கிறது என்று அடுத்த கேள்வி வரும். அதற்குள் தேநீர் இடைவேளை விட்டுவிடுங்கள்.

படி 9: பின்லாந்துக்குப் போகாதீர்கள்

சுற்றுப்பயணம் போக வேண்டுமானால் சிங்கப்பூர் போங்கள், துபாய் போங்கள். பின்லாந்து வேண்டாம். அங்கே 2008 முதல் முதலில் வீட்டைக் கொடுத்துவிட்டு மற்றதைப் பிறகு பேசுகிறார்கள். வேலை கிடைத்தால் வீடு, குடியை விட்டால் வீடு என்று நிபந்தனை போடுவதில்லை. சாவியைக் கையில் கொடுத்து, வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதன்பிறகு வைத்தியம் பார்க்கிறார்கள். கட்டிலும் பாலிதீனுமாக இருந்த பழைய விடுதிகளை மாற்றித் தனித்தனி வீடாக்கிவிட்டார்கள். விடுதிக் கட்டடத்தை நம்பியிருக்கிற உங்களுக்கு இது நல்ல சகவாசம் இல்லை. அது பணக்கார நாடு, குளிர் நாடு என்று சொல்லி முடித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருப்பதுதான் பெரிய தொந்தரவு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது சென்னையிலும் கோவையிலும் தெருவில் இருந்தவர்களைச் சில நாளில் மாநகராட்சிப் பள்ளிகளிலும் சமுதாயக் கூடங்களிலும் தங்க வைத்தார்கள். பட்டா கேட்கவில்லை, லட்சம் பேர் கணக்குப் பார்க்கவில்லை, மூன்று வேளைச் சோறும் போட்டார்கள். அவர்களால் நமக்கு நோய் வந்துவிடும் என்ற பயம் வந்ததும் தலைப்பு தானாகக் கிடைத்தது. இதை ஊர் மறக்க வேண்டும். பெரும்பாலும் மறந்துவிட்டது.

படி 10: மார்ச் 31

வருசம் முழுக்க இழுத்த பணத்தை மார்ச் கடைசி வாரத்தில் எல்.இ.டி. பல்பாக மாற்றிவிட்டுப் பயன்பாட்டுச் சான்றிதழில் கையெழுத்துப் போடுங்கள். பல்பு எரிகிறதா என்று ஏப்ரலில் யாரும் பார்ப்பதில்லை.

அடிக்கடி வருகிற சந்தேகங்கள்

*பக்கத்து நகராட்சி நேரடியாக வாடகை கொடுக்கத் தீர்மானம் போட்டுவிட்டதாம். எங்கள் ஊர்க்காரர்களும் கேட்கிறார்கள்.*

அங்கே கொடுத்தால் இங்கிருக்கிறவர்கள் அங்கே போய்விடுவார்கள் என்று சொல்லி நிம்மதியாக இருங்கள். உங்கள் ஊரில் கொடுக்கச் சொல்லிக் கேட்டால், அங்கிருக்கிறவர்கள் இங்கே வந்துவிடுவார்கள் என்று சொல்லுங்கள்.

*வீட்டுக்காரர்கள் வாடகைக்கு விட மறுக்கிறார்கள். நகராட்சி முன்பணத்துக்குப் பொறுப்பு ஏற்கலாமா?*

கூடவே கூடாது. பிரச்சினை அங்கேதான் தீர்ந்துவிடும். இங்கே தெருவில் கிடக்கிறவர்களில் பலர் மாச வாடகையைக் கொடுத்துவிடக்கூடியவர்கள்தான். மொத்தமாகக் கேட்கிற முன்பணத்திலும், "என்ன ஆளுக, எந்த ஊரு?" என்ற கேள்வியிலும்தான் கதவு மூடிக்கொள்கிறது. நகராட்சி முத்திரை போட்டு ஒரு கடிதம் கொடுத்தாலே திறந்துகொள்ளும். அந்த முத்திரையைப் பத்திரமாகப் பூட்டி வையுங்கள்.

*ஒரு கவுன்சிலர் எங்களைக் கேட்காமல், தன் கைக்காசைப் போட்டு, பெஞ்சில் படுத்த பாட்டிக்கு ஒரு அறை பிடித்துக் கொடுத்துவிட்டார். அந்தம்மாவும் அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார். பார்க்க வருகிறவர்கள் இதைச் சுட்டிக்காட்டுகிறார்கள். என்ன செய்ய?*

பதற வேண்டாம், இது உங்களுக்குச் சாதகம்தான். கவுன்சிலரிடம் வாடகை ரசீது கேளுங்கள். வீட்டுக்காரர் சொத்து வரி பாக்கி வைத்திருக்கிறாரா என்று பார்த்து நோட்டீஸ் கொடுங்கள். அந்தம்மா வீடு கேட்டுக் கொடுத்திருந்த பழைய மனுவைத் தேடி எடுங்கள். ஓரத்தில் சிவப்பு மையால் எழுதுங்கள்: "விசாரணையில் மனுதாரர் தற்போது வீட்டில் வசித்து வருவது தெரியவருவதால், வீடற்றோர் என்ற வகையில் தகுதியற்றவர். மனு முடிக்கப்பட்டது."